வீட்டுத் தச்சுப் பட்டறையில் மின்ரம்பத் தூள்: மூச்சைக் காக்கும் வழிமுறைகள்

முன்னுரை

மரத்தை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் வெளிப்படும் துகள்களின் தொகுப்பே மரத்தூள் எனப்படுகிறது. கைரம்பமும் இழைப்புளியும் மட்டுமே இருந்த காலத்தில் தச்சரின் காலடியில் சுருள்களும் சிராய்களுமே மிகுதியாகக் குவிந்தன. வட்ட ரம்பம், மேசை ரம்பம், ஜிக்சா, ரவுட்டர், சாண்டிங் இயந்திரம் ஆகியவை வீட்டுப் பட்டறைகளுக்கு வந்த பின்னர் வேலை விரைவானது, தூளும் நுண்மையானது. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் பிளேடு மரத்தை மாவுபோல் பொடியாக்கிக் காற்றில் வீசுகிறது.

தொழிற்சாலையில் இத்தகைய தூள் எழுந்தால் அது தொழிலாளரை மட்டுமே பெரிதும் பாதிக்கும். வீட்டுத் திண்ணையிலோ, கொட்டகையிலோ, கார் நிறுத்துமிடத்திலோ பட்டறை அமைந்திருந்தால் அதே தூள் சமையலறைக்கும் குழந்தையின் தொட்டிலுக்கும் முதியவரின் கட்டிலுக்கும் செல்கிறது. ஆகவே இப்பக்கம் தச்சுத் தொழில் புரிவோருக்கும், பொழுதுபோக்காக மரவேலை செய்வோருக்கும், அவர்களுடன் ஒரே வீட்டில் வாழும் ஆஸ்துமா நோயாளிகளுக்கும், அவர்களைப் பராமரிப்போருக்கும் எழுதப்பட்டுள்ளது.

இப்பக்கத்தின் மையக் கருத்து இதுவே: மூச்சுக்குள் சென்ற தூளை வெளியே எடுக்க மருந்து இல்லை, காற்றில் கலந்த தூளைப் பிடிப்பது கடினம், பிளேடின் அருகிலேயே பிடிப்பதுதான் எளிது.

எந்தத் தூள் ஆபத்தானது?

தரையில் குவியும் தூளைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது கண்ணுக்குப் புலப்படாத தூளே ஆகும்.

- பெரிய துகள்கள் (சுமார் 100 மைக்ரானும் அதற்கு மேலும்): மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். அதனினும் பெரிய இத்துகள்கள் சில நொடிகளில் தரையில் விழுந்துவிடும். கண்ணிலும் தோலிலும் உறுத்தலை உண்டாக்கலாம்.
- நடுத்தரத் துகள்கள் (10 முதல் 100 மைக்ரான்): மூக்கிலும் தொண்டையிலும் படியும். தும்மல், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு ஆகியவற்றுக்கும் மூக்கின் உட்பகுதி நோய்களுக்கும் இவை காரணமாகின்றன.
- நுண்துகள்கள் (10 மைக்ரானுக்குக் கீழ்): மூச்சுக்குழாய்களுக்குள் இறங்கும். ஏறத்தாழ 4 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லக்கூடியவை.

அசையாத காற்றில் 10 மைக்ரான் அளவுள்ள துகள் தலை உயரத்திலிருந்து தரையை அடையச் சில நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பல மணி நேரம் தேவைப்படும். மின்விசிறி ஓடினாலும் யாரேனும் நடந்தாலும் அது மீண்டும் மேலெழும். ரம்பத்தை நிறுத்தியவுடன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அதே அறையில் அமர்ந்து தேநீர் அருந்துபவர் தூளைச் சுவாசித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

அளவைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனம் ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் மரத்தூளுக்கு மேல் இருக்கலாகாது எனப் பரிந்துரைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வன்மரத் தூளுக்கான வரம்பு 2023 முதல் 2 மில்லிகிராம் ஆகும். 10 அடிக்கு 12 அடி பரப்பும் 10 அடி உயரமும் உள்ள ஓர் அறையில் ஏறத்தாழ 34 கன மீட்டர் காற்று இருக்கும். 1 மில்லிகிராம் வரம்பின்படி அந்த அறைக்காற்று முழுவதிலும் சேர்த்து 34 மில்லிகிராம் தூளே மிதக்கலாம். அது விரல்நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பைவிட மிகக் குறைவு. ஒரு பலகையை அறுத்தபின் தரையில் கைப்பிடிக் கணக்கில் தூள் கிடப்பதைக் காண்கிறோம். அதில் மிகச் சிறு பகுதி காற்றில் தங்கினாலும் வரம்பு கடந்துவிடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

உடலில் ஏற்படும் பாதிப்புகள்

1. மூக்கு மற்றும் தொண்டை: தொடர் தும்மல், நீர் வடிதல், மூக்கடைப்பு, மூக்கில் இரத்தக் கசிவு, வாசனை உணர்வு குறைதல்.

2. தொழில்சார் ஆஸ்துமா: வறட்டு இருமல், மார்பு இறுக்கம், மூச்சு விடும்போது விசில் ஒலி, இரவில் மூச்சுத்திணறல். தச்சர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றத் தொழிலாளரைக் காட்டிலும் நான்கு மடங்கு என்று பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு நிர்வாகம் குறிப்பிடுகிறது. ஒருவர் பல மாதங்களோ பல ஆண்டுகளோ தொல்லையின்றி வேலை செய்தபின் உடல் அத்தூளுக்கு ஒவ்வாமை கொள்ளலாம். அதன்பின் மிகச் சிறிய அளவும் திணறலைத் தூண்டும்.

இவ்வகை ஆஸ்துமாவில் ஒரு சிக்கல் உண்டு. திணறல் வேலை நேரத்தில் வராமல் 4 முதல் 8 மணி நேரம் கழித்து, மாலையிலோ இரவிலோ வரக்கூடும். அதனால் குடும்பத்தினர் பனிக்காற்றையும் தலைக்குக் குளித்ததையும் இரவு உண்ட தயிரையும் காரணமாகக் கருதுகின்றனர். காலையில் அறுத்த மரத்தை எவரும் நினைப்பதில்லை.

3. தோல் மற்றும் கண்: கை, கழுத்து, கண்ணிமை ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் தோன்றலாம். தேக்கும் ஈட்டி மரமும் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் வேதிப்பொருள்களைக் கொண்டவை.

4. ஒவ்வாமை நுரையீரல் அழற்சி: பூஞ்சை பிடித்த, ஈரத்தில் கிடந்த மரத்தை அறுத்தபின் சில மணி நேரத்தில் காய்ச்சல், உடல்வலி, இருமல், மூச்சிரைப்பு தோன்றி ஓரிரு நாளில் தணியலாம். இது மீண்டும் மீண்டும் நேர்ந்தால் நுரையீரலில் நிலையான தழும்பு உண்டாகக்கூடும்.

5. மூக்குப் பகுதிப் புற்றுநோய்: 1960-களில் இங்கிலாந்தில், நாற்காலித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் நகரில் பணியாற்றிய காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் எஸ்மி ஹேட்ஃபீல்டும் உடன் ஆய்ந்தோரும், அரிதான ஒரு வகை மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளரிடையே வழக்கத்திற்கு மாறாக மிகுந்திருப்பதைக் கண்டறிந்தனர். பின்னர் 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. இந்நோய் மிக அரிது என்பதையும், பெரும்பாலும் பல்லாண்டுக் காலம் தூளைச் சுவாசித்தவர்களிடமே காணப்படுகிறது என்பதையும் மனத்திற்கொண்டு, அச்சமின்றி எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும்.

மரத்திற்கு மரம் வேறுபாடு

இயற்கையான மரம் என்பதனாலேயே அதன் தூள் தீங்கற்றது ஆகிவிடாது. நம் பட்டறைகளில் பயன்படும் தேக்கு, ஈட்டி, வேங்கை, பலா, வேம்பு போன்றவற்றின் தூளும் உறுத்தலை உண்டாக்கக்கூடியதே. மேலும் மூன்று பொருள்களில் தனிக் கவனம் தேவை.

- பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகள்: இவற்றில் பெரும்பாலானவை ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பசையால் ஒட்டப்பட்டவை. எம்.டி.எஃப். பலகையை அறுக்கும்போது எழும் தூள் மிகவும் நுண்மையானது. கண்ணெரிச்சல் வந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.
- பழைய வண்ணம் பூசிய கதவு, சன்னல், தூண்: பழைய வீடுகளிலிருந்து வாங்கும் மரங்களின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை மிகக் குறைந்த வரம்பிற்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பூச்சை இயந்திரம் கொண்டு தேய்த்தாலோ அறுத்தாலோ ஈயத்தூள் பரவும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளோ கர்ப்பிணிகளோ வாழும் வீட்டில் இவ்வேலையைச் செய்தல் கூடாது.
- கரையான் மருந்து ஏற்றிய மரம்: மருந்தின் எச்சம் தூளுடன் சேர்ந்து உடலுக்குள் செல்லும்.

தூளைக் கட்டுப்படுத்தும் முறை: ஐந்து படிகள்

புறநோயாளிப் பிரிவில் முகக்கவசம் பற்றியே முதலில் கேட்கின்றனர். முகக்கவசம் கடைசிப் படி, முதற்படி அன்று. கீழ்க்காணும் வரிசையிலேயே செயல்படுங்கள்.

படி 1: தூள் உண்டாவதைக் குறைத்தல்

- பெரிய பலகைகளை மர விற்பனை நிலையத்திலோ சாமில்லிலோ அளவுக்கு அறுத்து வாங்குங்கள். வீட்டில் அறுக்க வேண்டிய அளவு பெருமளவு குறையும்.
- ஓரிரு சிறு வெட்டுகளுக்குக் கைரம்பத்தைப் பயன்படுத்துங்கள். அதன் தூள் பெரியது. உடனே கீழே விழும்.
- பிளேடைக் கூர்மையாக வைத்திருங்கள். மழுங்கிய பிளேடு மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது. தூள் நுண்மையாகி, மரமும் கருகுகிறது.
- கல் அறுக்கும் கட்டரில் மர பிளேடைப் பொருத்தி அறுக்கும் வழக்கத்தைத் தவிருங்கள். மரம் அறுப்பதற்கான பாதுகாப்பு மூடியும் தூள் வெளியேறும் குழாயும் அதில் இல்லை.
- இயன்றபோது திறந்த வெளியில் அறுங்கள். காற்று பக்கவாட்டில் வந்து தூளை உங்களிடமிருந்து அகற்றிச் செல்லுமாறு நில்லுங்கள். தூள் செல்லும் திசையில் வீட்டுச் சன்னலோ, அண்டை வீட்டாரோ, குடிநீர்த் தொட்டியோ இல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிளேடின் அருகிலேயே உறிஞ்சுதல்

ஐந்து படிகளுள் மிகுந்த பயன் தருவது இதுவே. பெரும்பாலான கை வட்ட ரம்பங்களிலும் சாண்டிங் இயந்திரங்களிலும் தூள் வெளியேறச் சிறு குழாய்வாய் உண்டு. துணிப்பை மாட்டுவதற்கு மாறாக அவ்வாயில் வாக்குவம் கிளீனரின் குழாயை இணைக்க வேண்டும். துணிப்பை பெரிய தூளைத் தேக்கிக்கொண்டு நுண்தூளை வெளியே விட்டுவிடுகிறது.

- கையில் பிடிக்கும் கருவிகளுக்கு ஈரமும் உலர்வும் உறிஞ்சும் பட்டறை வகை வாக்குவம் கிளீனர் போதுமானது. அதில் ஹெப்பா வடிகட்டி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு இல்லையெனில் முன்பக்கம் உறிஞ்சிய நுண்தூளைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும்.
- மேசை ரம்பம், இழைப்பு இயந்திரம் போன்ற பெரிய கருவிகளுக்கு மிகுந்த அளவு காற்றை இழுக்கும் தனித் தூள் உறிஞ்சி தேவை. அதன் குழாய் குறைந்தது 100 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குல விட்டம் உடையதாக இருத்தல் நலம். வாக்குவம் கிளீனரின் இழுவிசை வலிமையானதாயினும் அது இழுக்கும் காற்றின் அளவு குறைவு. பெரிய கருவிக்கு அது போதாது.
- மேசை ரம்பத்தில் தூள் இரு வழிகளில் வெளியேறுகிறது. ஒரு பகுதி மேசைக்குக் கீழ் விழுகிறது. மற்றொரு பகுதி பிளேடின் மேற்பற்களால் அறுப்பவரின் முகத்தை நோக்கி வீசப்படுகிறது. கீழ்ப்பெட்டியை மூடி ஒரு குழாயும், பிளேடின் மேல்மூடியில் மற்றொரு குழாயும் பொருத்தினால்தான் முழுப்பயன் கிட்டும்.
- குழாய் குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைக் குறைக்கும். இணைப்புகளில் காற்றுக் கசிவு இருத்தல் கூடாது.
- வாக்குவம் கிளீனருக்கு முன் ஒரு மூடிய வாளியில் சுழற்காற்றுப் பிரிப்பான் அமைத்தால் பெருந்தூள் வாளியிலேயே தங்கும்; வடிகட்டி விரைவில் அடைபடாது.
- உறிஞ்சியை முதலில் இயக்குங்கள். பின்னர் ரம்பத்தை இயக்குங்கள். அறுத்து முடித்ததும் ரம்பத்தை நிறுத்தி, சற்று நேரம் கழித்து உறிஞ்சியை நிறுத்துங்கள்.

எச்சரிக்கை: குழாய் பொருத்துவதற்காகப் பிளேடின் பாதுகாப்பு மூடியைக் கழற்றாதீர்கள். எந்த இணைப்பைச் செய்யும் முன்னரும் மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள்.

படி 3: காற்றோட்டம்

உறிஞ்சியிடமிருந்து தப்பிய தூளை வெளியேற்றக் காற்றோட்டம் தேவை. ஒரு பக்கம் கதவோ சன்னலோ திறந்திருக்க, எதிர்ப்பக்கச் சுவரில் காற்றை வெளித்தள்ளும் மின்விசிறி பொருத்துங்கள். நீங்கள் நிற்கும் இடத்தைக் கடந்து தூள் செல்லாதவாறு ரம்பத்தை விசிறிக்கு அருகில் வையுங்கள். வீட்டிற்குள் திறக்கும் கதவை அறுக்கும் நேரத்தில் மூடிவையுங்கள்; கதவின் அடி இடைவெளியை ஈரத்துணியால் அடையுங்கள்.

அறுக்கும்போது கூரை மின்விசிறியை ஓடவிடாதீர்கள். அது தூளை வெளியேற்றாமல் அறை முழுவதும் பரப்பும். குளிரூட்டி இயங்கும் மூடிய அறையில் மரம் அறுப்பதையும் தவிர்க்க வேண்டும். வேலை முடிந்தபின் குறைந்தது அரைமணி நேரம் வெளித்தள்ளும் விசிறி ஓடட்டும்.

படி 4: துப்புரவு

துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்குவதும், காற்றடிக்கும் கம்ப்ரசரால் மேசையையும் உடையையும் ஊதுவதும் படிந்த தூளை மீண்டும் மூச்சு மட்டத்திற்குக் கொண்டுவருகின்றன. மாறாக:

- ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள்.
- அது இல்லையெனில், மின்கருவிகளின் செருகிகளைப் பிடுங்கியபின், பிழிந்த ஈரத்துணியால் மேசையையும் சன்னல் விளிம்புகளையும் அலமாரிகளையும் துடையுங்கள். தரையில் சிறிது நீர் தெளித்த பின்னரே கூட்டுங்கள்.
- தூள் பையைக் காலி செய்வதும் வடிகட்டியைத் தட்டுவதும் வெளியில், முகக்கவசத்துடன் செய்ய வேண்டியவை. வேலைகளுள் மிகுந்த தூள் மூச்சில் சேரும் நேரம் இதுவே.

படி 5: முகக்கவசம்

துண்டு, கைக்குட்டை, துணி முகக்கவசம், மருத்துவமனையில் அணியும் மெல்லிய முகக்கவசம் ஆகியவை நுண்தூளைத் தடுக்கா; ஓர இடைவெளிகள் வழியே தூள் உட்செல்லும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 9473 முத்திரை பெற்ற எஃப்.எஃப்.பி.2 வகை அல்லது என்95 வகை முகக்கவசத்தைத் தேர்ந்தெடுங்கள். நாள்தோறும் பல மணி நேரம் அறுப்போர் எஃப்.எஃப்.பி.3 வகையையோ, மாற்றத்தக்க வடிகட்டியுள்ள ரப்பர் முகக்கவசத்தையோ பயன்படுத்தலாம்.

- மூக்குப் பட்டையை அழுத்திப் பொருத்துங்கள். இரு கைகளாலும் மூடி வேகமாக மூச்சு விடும்போது ஓரங்களில் காற்றுக் கசிந்தால் சரிசெய்யுங்கள்.
- தாடி இருந்தால் முகக்கவசம் தோலோடு ஒட்டாது. அதன் பயன் பெருமளவு குறையும்.
- அறுக்கத் தொடங்கும் முன் அணிந்து, அறைக்காற்றுத் தெளிந்தபின் கழற்றுங்கள்.
- ஈரமானாலோ, கிழிந்தாலோ, மூச்சு விடுவது கடினமானாலோ மாற்றுங்கள்.
- கடுமையான ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அல்லது இதய நோய் உள்ளோர் இறுக்கமான முகக்கவசம் அணிந்து வேலை செய்யும் முன் மருத்துவரின் ஆலோசனை பெற வேண்டும்.

கட்டுப்பாடு போதுமானதா? டார்ச் சோதனை

ஓட்டு இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அதே முறையில் உங்கள் பட்டறையையும் சோதிக்கலாம். வழக்கம்போல் முழு வெளிச்சத்தில் சில பலகைகளை அறுங்கள். ரம்பத்தை நிறுத்தி, பிளேடு முழுமையாக நின்றபின் செருகியைப் பிடுங்குங்கள். முகக்கவசத்தைக் கழற்றாமல் விளக்கை அணைத்து, வலிமையான டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். ஒளிக்கற்றையைச் சற்றுப் பக்கத்திலிருந்து, ஒளி வரும் திசையை நோக்கிப் பாருங்கள். ஒளி நேரே கண்ணில் படாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். கற்றையில் புகைபோல் தூள் மிதந்தால் உறிஞ்சும் அமைப்பு போதவில்லை. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இதைச் செய்தால், உங்கள் அறைக்காற்றுத் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் விளங்கும். அந்த நேரம் வரை முகக்கவசம் முகத்திலேயே இருத்தல் வேண்டும். இரம்பம் ஓடும்போது விளக்கை ஒருபோதும் அணைக்காதீர்கள்.

வீட்டினரைக் காத்தல்

- பட்டறைக்கெனத் தனி உடையும் செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை வீட்டிற்குள் உதறாதீர்கள். மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.
- வேலை முடிந்ததும் தலை, முகம், கைகளைக் கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்குங்கள். உண்பதும் நீர் அருந்துவதும் பட்டறைக்கு வெளியே நடைபெறட்டும்.
- ஆஸ்துமா உள்ள குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோர் அறுக்கும் நேரத்திலும் அதன்பின் காற்றுத் தெளியும் வரையிலும் பட்டறைக்குள் வரக்கூடாது.
- பிளைவுட், எம்.டி.எஃப்., வண்ணம் பூசிய மரம் ஆகியவற்றின் தூளை மரத்தூள் அடுப்பில் எரிக்காதீர்கள்; கோழிக்கூண்டிலும் மாட்டுத் தொழுவத்திலும் பரப்பாதீர்கள்.
- உலர்ந்த மரத்தூள் எளிதில் தீப்பற்றும். காற்றில் அடர்ந்து மிதக்கும்போது வெடிக்கவும் கூடும். பட்டறையில் பீடி, சிகரெட் புகைக்காதீர்கள். இரும்பு தேய்க்கும் வேலையைத் தூளின் அருகில் செய்யாதீர்கள். ஆணி, திருகாணிகளை உறிஞ்சியால் இழுக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

அறிகுறிகளைக் கண்காணித்தல்

இருமலோ திணறலோ உள்ளவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் நான்கு குறிப்புகளை எழுதிவருவது நோயைக் கண்டறிய மிகவும் உதவும்: அன்று அறுத்த மரம், அறுத்த நேரம், அறிகுறி தோன்றிய நேரம், பயன்படுத்திய மருந்து. வேலையில்லாத நாள்களையும் குறிக்க வேண்டும். பண்டிகை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது மூச்சு எளிதாகி, திரும்பி வந்து வேலை தொடங்கிய சில நாள்களில் திணறல் மீண்டால், அது தொழில்சார் ஆஸ்துமாவின் முக்கியத் தடயம் ஆகும்.

மருத்துவர் பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு ஊதுகருவியைப் பரிந்துரைக்கலாம். நாளொன்றுக்கு 4 முறை வீதம், வேலை நாள்களும் ஓய்வு நாள்களும் அடங்குமாறு 2 முதல் 4 வாரங்கள் ஊதிப் பதிவு செய்தால் இவ்வேறுபாடு எண்களாகவே தெரியும்.

காலம் இங்கு மிக முக்கியம். அறிகுறி தோன்றிய தொடக்கத்திலேயே தூளிலிருந்து விலகியவர்களுள் பலருக்கு ஆஸ்துமா தணிகிறது. மாத்திரையும் இன்ஹேலரும் எடுத்துக்கொண்டு அதே தூளில் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தவர்களுக்கு, பின்னர் தொழிலை விட்டாலும் நோய் நிலைத்துவிடக்கூடும். பட்டறையை இன்று திருத்துவது நாளை தொழிலையே விடவேண்டிய நிலையைத் தவிர்க்கும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

*சில நாள்களுக்குள் அணுக வேண்டியவை:*

- வேலை நாள்களில் மிகும் இருமல், மார்பு இறுக்கம், இரவுத் திணறல்
- மரம் அறுத்தபின் மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சல்
- ஒரே பக்கத்தில் நீடிக்கும் மூக்கடைப்பு, அடிக்கடி வரும் இரத்தம் கலந்த சளி, முக வீக்கம் ஆகியவை. இவற்றுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரின் பரிசோதனை தேவை
- இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலும். தூளால் வந்தது என நீங்களே முடிவு செய்யாதீர்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிச் செய்துகொள்ளுங்கள்

*உடனடியாக 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டியவை:*

- ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத அளவு மூச்சுத்திணறல்
- உதடுகளோ நகங்களோ நீலம் பாய்தல்
- நிவாரண இன்ஹேலர் எடுத்தும் திணறல் குறையாமை
- மயக்கம் அல்லது குழப்பம்

கண்ணில் தூள் விழுந்தால் தேய்க்காமல் தூய நீரால் கழுவுங்கள். மரச் சிராய் கண்ணில் குத்தியிருந்தால் பிடுங்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

20 ஆண்டுகளாக அறுத்துவருகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?
ஒவ்வாமை எந்த ஆண்டிலும் தொடங்கலாம். மூக்குப் புற்றுநோய் போன்றவை பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். மேலும், உங்கள் உடல் தாங்கும் தூளை உங்கள் பேரக்குழந்தையின் உடல் தாங்க வேண்டும் என்பதில்லை.

வேலை முடிந்ததும் வாழைப்பழமோ வெல்லமோ உண்டால் தூள் வெளியேறிவிடுமா?
இல்லை. உண்பவை உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குச் செல்கின்றன. மூச்சுக்குழாயில் படிந்த தூளை அவை அகற்றா.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?
இது தவறான கருத்து. மருத்துவர் பரிந்துரைத்த தடுப்பு இன்ஹேலர் மூச்சுக்குழாய் அழற்சியைக் குறைக்கிறது, அடிமைப்படுத்துவதில்லை. திணறல் இல்லாத நாள்களிலும் அதை நிறுத்தாதீர்கள். அதேவேளையில் இன்ஹேலர் இருப்பதனால் தூளில் வேலை செய்யலாம் என்றும் கருதாதீர்கள்.

தூள் உறிஞ்சி வாங்க வசதியில்லை. என்ன செய்வது?
வெளியில் அறுப்பது, அளவுக்கு அறுத்து வாங்குவது, கூர்மையான பிளேடு, ஈரத்துணித் துப்புரவு, முறையான முகக்கவசம் ஆகிய ஐந்தும் குறைந்த செலவில் இயல்பவை. இவற்றை இன்றே தொடங்குங்கள். உறிஞ்சியைப் பின்னர் வாங்கலாம்.

புகைப்பழக்கத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
உண்டு. புகை, மூச்சுக்குழாய் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும் ஆற்றலைக் குறைக்கிறது. கைவிட உதவி வேண்டுவோர் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. கண்ணுக்குத் தெரியாத தூளே நுரையீரலுக்குள் செல்கிறது.
2. பிளேடின் அருகிலேயே உறிஞ்சுங்கள். முகக்கவசத்தை மட்டும் நம்பாதீர்கள்.
3. உலர்வாகப் பெருக்காதீர்கள், காற்றால் ஊதாதீர்கள்.
4. ரம்பம் நின்றபின்னும் காற்றுத் தெளியும் வரை முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.
5. விடுமுறையில் குறைந்து வேலையில் மிகும் திணறலை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். செய்யும் தொழிலையும் தெரிவியுங்கள்.

மேலும் விளக்கம் பெற அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். இப்பக்கத்திலுள்ள தகவல்கள் விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.